எத்தனை டிகிரியில் வைக்கணும்? மருத்துவக் கஞ்சாவை ஆவியாக்கிப் பயன்படுத்தும் வீட்டாருக்கு ஒரு முழு வழிகாட்டி

போன வாரம் காலை ஆறு மணி. தக்கலையில் எங்கள் வீட்டு அடுக்களையில் தீயலுக்கு (வறுத்த தேங்காய் அரைத்து வைக்கும் புளிக்குழம்பு) தேங்காய் வறுத்துக்கொண்டிருந்தேன். டொரன்டோவிலிருந்து சித்தி மகள் வீடியோ காலில் வந்தாள், அங்கே முந்தின நாள் ராத்திரி எட்டரை. "அக்கா, இந்த மெஷின்ல 356னு காட்டுது. அப்பாவுக்கு நெஞ்செல்லாம் வெந்து போயிராதா?" என்று அழாக்குறையாகக் கேட்டாள்.

சித்தப்பாவுக்குக் கீமோ நடக்கிறது. குமட்டல் தாங்காமல் விழுங்கிய மாத்திரை அரைமணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறது. அதனால் அங்குள்ள டாக்டர் கஞ்சாப் பூவை ஆவியாக்கி இழுக்கும் கருவிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். கனடாவில் இது 2001இலிருந்தே நோயாளிகளுக்கு அனுமதிக்கப்பட்டது, 2018 அக்டோபர் 17 முதல் பெரியவர்கள் எல்லாருக்கும் சட்டப்படி கிடைக்கிறது. 356 என்பது ஃபாரன்ஹீட் மக்ளே, செல்சியஸில் 180தான் என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. ஆனால் அதோடு கேள்வி முடியவில்லை. 180 சரியா, 210 வைக்கலாமா, குறைத்தால் மருந்து வேலை செய்யாதா என்று ஒரு மணி நேரம் போனது. இதற்கிடையில் என் தேங்காய் கரிந்தும் போனது.

நான் பதினோரு வருஷம் கனடாவில் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸாக இருந்தவள். இதை இழுத்துப் பார்த்தவள் இல்லை, அடுத்தவர் இழுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நாடி பிடித்துப் பார்த்தவள். நம் மாவட்டத்திலிருந்து வெளிநாட்டுக்குப் போன நர்ஸுகளும் அவர்கள் கூட்டிக்கொண்டு போன அப்பா அம்மாக்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், இந்தச் சந்தேகம் என் சித்தி மகளுக்கு மட்டும் வரப்போவதில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

முதலில் சட்டம், சுருக்கமாக

இந்தியாவில் கஞ்சாப் பூ 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். கையில் வைத்திருந்தாலும் குற்றம், இழுத்தாலும் குற்றம். வெளிநாட்டு டாக்டர் சீட்டு இங்கே செல்லாது. கருவியும் சிக்கல்தான். 2019இல் வந்த மின்-சிகரெட் தடைச் சட்டம் சூடாக்கி இழுக்கும் கருவிகளையும் சேர்த்தே தடுக்கிறது, இறக்குமதி செய்தால் முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் கிடைக்கலாம். "அப்பா ஊருக்கு வர்றாரு, பெட்டியில கொஞ்சம் போட்டு விடவா" என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் இறங்கும்போது பிடிபட்டால் நோயாளி என்ற இரக்கம் காப்பாற்றாது. கனடா எல்லையைத் தாண்டி வெளியே கொண்டுபோவதே அந்த நாட்டுச் சட்டப்படியும் குற்றம். ஆகவே இனி எழுதுவதெல்லாம் சட்டம் அனுமதிக்கும் நாட்டில், டாக்டர் மேற்பார்வையில் இருப்பவர்களுக்கு.

எரிப்பது வேறு, ஆவியாக்குவது வேறு

சுருட்டிப் பற்றவைத்தால் அதன் நுனி இழுக்கும்போது 600 டிகிரியைத் தாண்டும், 900 வரைகூடப் போகும். அங்கே செடி எரிகிறது, தாரும் கார்பன் மோனாக்சைடும் பென்சீனும் கூடவே நுரையீரலுக்குள் போகின்றன. வேப்பரைசர் என்ற ஆவியாக்கும் கருவி செடியை எரிக்காமல், அதன் மேலிருக்கும் பிசினில் உள்ள மருந்தை மட்டும் ஆவியாக எழுப்பப் பார்க்கிறது. பச்சைப் பூவில் மருந்து ஓர் அமில வடிவில் இருக்கும், சூடு பட்டால்தான் அது டிஎச்சியாக (THC, போதை தருவதும் மருந்தாக வேலை செய்வதுமான முக்கியப் பொருள்) மாறும். கருவிக்குள் இந்த மாற்றமும் ஆவியாவதும் ஒன்றாகவே நடக்கின்றன.

2007இல் சான் பிரான்சிஸ்கோவில் 18 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. புகைத்தபோதும் 190 டிகிரியில் ஆவியாக இழுத்தபோதும் ரத்தத்தில் ஏறிய டிஎச்சி ஏறத்தாழ ஒரே அளவு. வெளிமூச்சில் கார்பன் மோனாக்சைடு மட்டும் ஆவியில் மிகக் குறைவாக இருந்தது. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் டாக்டர்கள் புகைக்காதே, ஆவியாக்கு என்கிறார்கள். ஆவி என்றால் ஆபத்தே இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை, தொண்டையும் நுரையீரலும் அதையும் தாங்கித்தான் ஆகவேண்டும்.

இதில் பெரிய பகுதியைத் தீயல் வைக்கத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லித்தரவே வேண்டாம். தேங்காய்த் துருவலைச் சின்ன உள்ளியோடு இரும்புச் சட்டியில் போட்டுக் கிளறுகிறோம். முதலில் ஈரம் போகும், வாசம் கிளம்பும், நிறம் மாறாது. அப்புறம் பொன்னிறம். அப்புறம் செம்பு நிறம், அதுதான் பதம். அதற்கடுத்த அரை நிமிஷத்தில் கறுத்துக் கசந்துவிடும், அந்தக் கசப்பைப் புளி ஊற்றியும் மறைக்க முடியாது. அடுப்பை அணைத்த பிறகும் சட்டியின் சூட்டிலேயே அது மேலும் வறுபடும், அதனால்தான் அம்மை பதத்துக்கு ஒரு படி முன்னாலேயே சட்டியை இறக்குவாள். இந்த நான்கு நிலையும் அந்தச் சின்னக் கருவிக்குள் அப்படியே நடக்கின்றன.

இணையத்து வெப்பநிலை அட்டவணையை அப்படியே நம்பாதீர்கள்

தேடினால் ஒரு வண்ண அட்டவணை கிடைக்கும். டிஎச்சி 157 டிகிரி, அப்புறம் பூவின் வாசனைப் பொருட்களான பைனீன் 156, லிமோனீன் 176, லினலூல் 198 என்று வரிசையாக இருக்கும். சித்தி மகளும் அதைத்தான் அனுப்பினாள், "அப்போ 158 வச்சா டிஎச்சி மட்டும் வரும்தானே அக்கா" என்று.

வராது. அந்த 157 என்ற எண் கிட்டத்தட்டக் காற்றே இல்லாத வெற்றிடத்தில் அளந்தது. நாம் மூச்சு விடும் காற்றில் டிஎச்சியின் கொதிநிலை அதைவிட எவ்வளவோ மேலே இருக்கிறது. பைனீன், லிமோனீன் எண்கள் சாதாரணக் காற்றழுத்தத்தில் அளந்தவை. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால் சம்பந்தமில்லாத இரண்டு அளவுகோல் ஒட்டிக்கொண்ட மாதிரிதான்.

அதைவிட முக்கியம், ஒரு பொருள் ஆவியாகக் கொதிக்க வேண்டிய அவசியமே இல்லை. கொடியில் போட்ட துணி 100 டிகிரியிலா காய்கிறது? மாறாமலைப் பக்கத்து எஸ்டேட்டுகளில் கிராம்பு காயப்போட்டிருக்கும் நேரத்தில் அந்த வழியாகப் போய்ப் பாருங்கள், மூக்கைத் துளைக்கும். கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு யூஜினால், அதன் கொதிநிலை 254 டிகிரி. வெறும் வெயிலிலேயே அது கிளம்பிவிடுகிறது. சளி பிடித்தால் கொதிநீரில் யூக்கலிப்டஸ் எண்ணெய் நாலு சொட்டு விட்டுப் போர்வையை மூடுகிறோமே, அந்த எண்ணெயின் முக்கியப் பொருள் 176 டிகிரியில்தான் கொதிக்கும், 100 டிகிரி தண்ணீரிலிருந்து அது கண்ணில் நீர் வரும் அளவுக்கு எழும்பவில்லையா?

ஆக வெப்பநிலை என்பது இந்த எண்ணில் இந்தக் கதவு திறக்கும் என்ற விஷயம் இல்லை. சூடு ஏற ஏற எல்லாமே அதிகமாகவும் வேகமாகவும் எழும்பும், லேசான வாசனைப் பொருட்கள் முன்னால் போகும், கனமானவை பின்னால் வரும். அதாவது எண்ணைக் கூட்டுவது என்பது ஒரு இழுப்பில் உள்ளே போகும் மருந்தைக் கூட்டுவதுதான். இதைப் புரிந்துகொண்டால் மற்றது எளிது.

படி 1: கருவியைத் தெரிந்துகொள்ளுங்கள்

முதலில் செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று பாருங்கள். பெரும்பாலான கருவிகளில் ஏதோ இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் மாறும். செல்சியஸுக்கு மாற்றி அப்படியே விட்டுவிடுங்கள். மாற்ற முடியாவிட்டால் ஒரு சீட்டில் எழுதிக் கருவியின் உறையில் ஒட்டுங்கள்: 170 என்றால் 338, 180 என்றால் 356, 190 என்றால் 374, 200 என்றால் 392, 210 என்றால் 410.

இரண்டாவது, அது எப்படிச் சூடாக்குகிறது என்று. சில கருவிகளில் பூ சூடான சுவரைத் தொட்டுக்கொண்டு கிடக்கும், இது இரும்புச் சட்டி மாதிரி. இழுக்காமல் சும்மா வைத்திருந்தாலும் வறுபட்டுக்கொண்டே இருக்கும், இடையில் கிளறவும் வேண்டும். சிலவற்றில் சூடான காற்று பூவின் ஊடே போகும், இழுக்கும்போதுதான் வறுபடும், சீராகவும் வறுபடும். இரண்டும் கலந்தவையும் உண்டு. இதனால்தான் ஒரே 185 ஒரு கருவியில் லேசாகவும் இன்னொன்றில் காரமாகவும் இருக்கும். திரையில் தெரிவது சூடேற்றியின் எண், பூவின் எண் இல்லை. அடுத்தவர் சொன்ன எண்ணை உங்கள் கருவியில் அப்படியே போட வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

மருத்துவக் கருவியாகவே அங்கீகாரம் பெற்றவையும் இருக்கின்றன. ஜெர்மனியின் டுட்லிங்கன் ஊரில் செய்யும் வால்கேனோ மெடிக், மைட்டி மெடிக் இரண்டும் அந்த வகை. மைட்டியில் 210க்கு மேல் ஏற்றவே முடியாது. உச்சவரம்பு வைத்த கருவி வயதானவர் வீட்டுக்கு நல்லது, தெரியாமல் பொத்தானை அழுத்தினாலும் விபரீதம் ஆகாது.

இன்னொன்று. நான் சொல்வது காய்ந்த பூவுக்கு மட்டும். எண்ணெய் நிரப்பிய கார்ட்ரிட்ஜ் பேனா முற்றிலும் வேறு சமாச்சாரம். 2019இல் அமெரிக்காவில் அந்தப் பேனாக்களால் நுரையீரல் பாதித்து 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள், இறந்தவர்கள் மட்டும் 68 பேர். கள்ளச்சந்தை எண்ணெயில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணமாகத் தெரிந்தது. கெட்டிப் பிசினைத் தகிக்கும் தட்டில் போட்டு இழுப்பதும் வேண்டாம். அந்தச் சூட்டில் வாசனைப் பொருட்களே உடைந்து பென்சீன், மெத்தக்ரோலின் என்ற நச்சுப் பொருட்களாக மாறுவதை 2017இல் போர்ட்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

படி 2: பூவைப் பாருங்கள், லேபிளைப் படியுங்கள்

எங்கள் வீட்டு மாடியில் கொப்பரை காயப்போட்டுவிட்டு மழைக்கு எடுக்க மறந்தால் மூன்றாம் நாள் பச்சைப் பூசணம் வந்திருக்கும். கஞ்சாப் பூவிலும் அதே கதைதான். சாதாரண ஆளுக்கு அது தும்மலோடு போகும். கீமோவில் வெள்ளணுக்கள் குறைந்தவருக்கு அஸ்பர்ஜில்லஸ் என்ற பூசணத்தின் வித்து நுரையீரலில் முளைத்தால் உயிருக்கே ஆபத்து. வேப்பரைசர் சூடு எல்லா வித்தையும் கொன்றுவிடும் என்று நம்பி இருக்க முடியாது. ஆகவே அனுமதி பெற்ற விற்பனையாளரிடம், கதிர்வீச்சால் சுத்தம் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். வெள்ளணு எண்ணிக்கை குறைவாக இருக்கும் வாரங்களில் இழுக்கலாமா என்பதைப் புற்றுநோய் டாக்டரிடமே கேளுங்கள். சித்தி மகளிடம் வெப்பநிலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நான் கேட்ட கேள்வி இதுதான்.

லேபிளில் டிஎச்சி சதவீதம் இருக்கும். முதல் தடவை எடுப்பவருக்கு 10 சதவீதமோ அதற்குக் கீழோ போதும். கணக்கு எளிது, 10 சதவீதப் பூவில் 0.1 கிராம் எடுத்தால் அதில் 10 மில்லிகிராம் டிஎச்சி, 0.05 கிராம் எடுத்தால் 5. அதில் முழுவதும் உடம்பில் சேராது, கணிசமான பங்கு பூவிலும் வெளிவிடும் மூச்சிலும் போய்விடும். புதியவர் இழுத்துத் தொடங்குவதற்குக் கனடா அரசு சொல்வது, 10 சதவீதமோ அதற்குக் கீழோ டிஎச்சி உள்ள பூவில் ஒன்றிரண்டு இழுப்பு மட்டும். நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். கண்ணளவு இதில் உதவாது.

படி 3: பொடிப்பது, நிரப்புவது

ரவை மாதிரி இருக்கட்டும், மாவு மாதிரி வேண்டாம். மாவானால் சல்லடையை அடைக்கும், சில இடம் கருகும். ரொம்ப ஈரமாக இருந்தால் முதல் இரண்டு இழுப்பும் வெறும் நீராவிதான், சூடெல்லாம் ஈரத்தை ஓட்டவே போய்விடும். மொறுமொறுவென்று காய்ந்திருந்தால் அதே டிகிரியில் சீக்கிரம் கருகித் தொண்டையைக் கீறும். புட்டுக்குழலில் மாவு போடுகிற மாதிரி, அழுத்தாமல், காற்றுப் போக இடம் விட்டு நிரப்புங்கள். கொஞ்சமாகப் போட்டால் கருவியோடு வரும் சின்னக் கேப்சூலையோ மேல் சல்லடையையோ வைத்து இடத்தை நிறைக்கலாம்.

படி 4: தாழ்ந்த சூட்டில் தொடங்குங்கள்

175 வையுங்கள். சூடேறிக் கருவியின் விளக்கு மாறியதும் உடனே இழுக்காமல் இன்னும் அரை நிமிஷம் பொறுங்கள். நோயாளி சாய்ந்தாவது உட்கார்ந்திருக்கட்டும், நிற்க வேண்டாம். சாதாரண மூச்சை விட மெதுவாக, ஐந்திலிருந்து எட்டு எண்ணும் வரை இழுக்கச் சொல்லுங்கள். வேகமாக இழுத்தால் குளிர்ந்த காற்று உள்ளே போய்ப் பூவின் சூடு இறங்கிவிடும். மூச்சை அடக்கி வைக்க வேண்டாம், அதனால் பெரிய லாபம் இல்லை, தலைசுற்றல்தான் மிச்சம்.

வெளியே வரும் மூச்சில் எதுவும் தெரியவில்லையே என்று கவலைப்படாதீர்கள். தாழ்ந்த சூட்டில் ஆவி கண்ணுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். சிலருக்கு அதுவும் தெரியாது. ருசி தெரிந்தால் மருந்தும் வருகிறது என்று பொருள்.

ஒரு இழுப்பு. அவ்வளவுதான். இப்போது கருவியை அணைத்துவிட்டு முழுசாக அரைமணி நேரம் காத்திருங்கள். விளைவு சில நொடிகளிலேயே தெரியத் தொடங்கலாம், ஆனால் அதன் உச்சம் வர அரைமணி வரை ஆகும். ஆறு மணி நேரம் வரை நீடிக்கும், மிச்சம் மறுநாள் வரைகூடக் கிடக்கும். நான் பார்த்த தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த அரைமணி நேரத்தைப் பொறுக்காததால் வந்தவை.

ஒரு வீட்டில் நடந்தது. எழுபது வயதுக்காரர், மகன் ஆசையாசையாகக் கருவி வாங்கித் தந்திருக்கிறான். கிண்ணம் முழுக்க 20 சதவீதப் பூ, நேரே 210, "நல்லா இழுங்கப்பா, காசு போட்டது வீணாகக் கூடாது" என்று நாலு இழுப்பு. நான் போனபோது மனுஷர் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தான் சாகப்போவதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். நாடி 120ஐத் தாண்டியிருந்தது. இரண்டு மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அவர் அந்தக் கருவியைத் தொடவே இல்லை. சரியாகத் தொடங்கியிருந்தால் உதவியிருக்கக்கூடிய மருந்து, முதல் நாளிலேயே கைவிட்டுப் போனது.

படி 5: தேவை இருந்தால் மட்டும் ஏற்றுங்கள்

அரைமணி கழித்தும் குமட்டல் அப்படியே இருந்தால் அதே 175இல் இன்னொரு இழுப்பு. அடுத்த நாள்களில் இரண்டு மூன்று இழுப்பும் போதவில்லை என்று தெரிந்தால் 5 டிகிரி ஏற்றலாம். ஒரு நாளில் ஒரு படி, அதற்கு மேல் வேண்டாம். நோட்டில் தேதி, டிகிரி, எத்தனை இழுப்பு, எப்படி இருந்தது என்று எழுதுங்கள். பால் கணக்கு எழுதுகிற மாதிரி ஒரு வரி போதும்.

165 முதல் 180 வரை தாழ்ந்த சூடு. ருசி நன்றாக இருக்கும், தொண்டைக்கு இதம், ஒவ்வொரு இழுப்பிலும் வருவது குறைவு என்பதால் அளவு நம் கையில் நிற்கும். புதியவர், வயதானவர், இருமல்காரர், பகலில் தெளிவாக இருக்க வேண்டியவர் எல்லாரும் இதற்குள்ளேயே இருப்பது நல்லது. 160க்குக் கீழே பெரும்பாலும் வாசனைதான் வரும்.

180 முதல் 195 வரை நடு. பலரும் நிலைகொள்ளும் இடம் இது. சித்தப்பாவும் இப்போது 185இல் இருக்கிறார்.

195 முதல் 210 வரை உயர்ந்த சூடு. ஆவி கெட்டியாகத் தெரியும், தொண்டை காயும், இருமல் வரும், ஒரே இழுப்பில் நிறைய மருந்து ஏறும். பல மாதம் எடுத்துப் பழகியவருக்கு ராத்திரி வலி தூங்கவிடாதபோதும், தாழ்ந்த சூட்டில் இழுத்து முடித்த கிண்ணத்தில் மிச்சத்தை எடுக்கவும் இது பயன்படும். கடைசியில் சொன்னது சிக்கனக்காரர்களுக்கு. 180இல் ருசி தீர்ந்த அதே பூவை 200க்கு ஏற்றினால் மேலும் இரண்டு மூன்று இழுப்பு கிடைக்கும்.

210க்கு மேல் நான் யாரையும் போகச் சொன்னதில்லை. 230ஐ நெருங்கும்போது செடியின் நாரே கருகத் தொடங்கும். அங்கே போனால் புகைக்கும் ஆவிக்கும் உள்ள வித்தியாசம் கரைகிறது, பிறகு எதற்கு இவ்வளவு விலை கொடுத்துக் கருவி?

தாழ்ந்த சூடு மூளைக்கு, உயர்ந்த சூடு உடம்புக்கு என்று ஒரு பேச்சு உலவுகிறது. 175 வைத்தால் சுறுசுறுப்பாம், 205 வைத்தால் உடம்பு கனத்துத் தூக்கமாம். என் அனுபவத்தில் இதில் பெரும்பங்கு அளவின் வித்தை. 205இல் ஒரு இழுப்பு என்பது 175இல் இரண்டு மூன்று இழுப்புக்குச் சமமாகலாம், அதிகம் ஏறினால் கனத்துத் தூங்குவதில் என்ன அதிசயம். 175இலேயே ஆறு இழுப்பு இழுத்தவர் அதே போல் தூங்கியதைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் மனதில் இருக்கட்டும், 2018இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் எப்போதாவது மட்டும் எடுக்கும் 17 பேரிடம் சோதித்தார்கள், ஒரே அளவு டிஎச்சியைப் புகைத்ததை விட ஆவியாக இழுத்தபோது போதை அதிகமாக இருந்தது. ஆவிதானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம்.

படி 6: முடிந்த பூவின் நிறத்தைப் படியுங்கள்

திரையில் வரும் எண்ணை விட எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். இழுத்து முடித்ததும் கிண்ணத்தை வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். இன்னும் பச்சை தெரிந்தால் மருந்து பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது. வறுத்த மல்லி நிறம் என்றால் தாழ்ந்த சூட்டில் சரியாக முடிந்தது. தீயல் தேங்காயின் செம்பு நிறமோ காப்பிக்கொட்டை நிறமோ என்றால் உயர்ந்த சூட்டில் முழுசாக எடுத்தாயிற்று. எங்காவது கறுப்பும் சாம்பலும் தெரிந்தால் எரிந்திருக்கிறது, எண் என்ன சொன்னாலும் சரி. ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் பச்சையும் இருந்தால் கருவி சட்டி வகை, நடுவில் நிறுத்திக் கிளறவில்லை என்று அர்த்தம்.

ருசியும் சொல்லும். பொரியும் கடலையும் கலந்த மாதிரி ஒரு வாசம் வந்தால் முடிகிற கட்டம். அதற்கு மேல் இழுப்பது தொண்டைக்குத் தண்டனை.

தப்பு நடந்தால்

இருமல் வந்தால் 10 டிகிரி குறையுங்கள், வெதுவெதுப்பான தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். ஆவியே வரவில்லை என்றால் சூட்டைக் கூட்டுவதற்கு முன்னால் சல்லடை அடைத்திருக்கிறதா, பேட்டரி இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வாரம் ஒரு தடவை சல்லடையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துக் கழுவி நன்றாக உலர்த்த வேண்டும், ஈரத்தோடு மாட்டிச் சூடாக்கிவிடாதீர்கள். பழைய பிசின் ஒட்டிய கருவியில் 180உம் 200 மாதிரி கசக்கும்.

அதிகம் ஏறிவிட்டது, படபடப்பு, பயம், நாக்கு ஒட்டுகிறது என்றால் படுக்க வையுங்கள், விளக்கைக் குறையுங்கள், இது இறங்கிவிடும் என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். திடீரென்று எழுந்தால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கலாம், கழிப்பறைக்குப் போனாலும் கூடவே போங்கள். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல், இல்லாததைப் பார்ப்பது என்று எது வந்தாலும் காத்திருக்காமல் கனடாவின் அவசர உதவி எண் 911ஐ அழையுங்கள்.

வாந்திக்காக எடுப்பவருக்கே சில மாதம் கழித்து வாந்தி கூடினால், அதிலும் வெந்நீரில் குளித்தால் மட்டும் அடங்குகிறது என்றால், கஞ்சாவே காரணமாக இருக்கலாம். இன்னும் கொஞ்சம் கூட்டுவோம் என்று போகாமல் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

யாருக்கு எந்த டிகிரியும் வேண்டாம்

மனச்சிதைவு வந்தவர் அல்லது குடும்பத்தில் அது உள்ளவர், இதயநோய்க்காரர், கர்ப்பிணி, பால் கொடுப்பவர், இளவயதினர். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர் ரத்தப் பரிசோதனை இல்லாமல் தொடக்கூடாது, ரத்தம் உறையும் அளவு மாறும். இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றுநோயை எதிர்க்கும் சிகிச்சை) எடுப்பவர் புற்றுநோய் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டும். இழுத்த நாளில் கார் ஓட்ட வேண்டாம். பூ, கருவி, முடிந்த பூ மூன்றும் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும், முடிந்த பூவிலும் மருந்து மிச்சம் உண்டு, பேரப்பிள்ளை வாயில் போட்டால் ஆபத்து. சித்தி அதை டீத்தூள் என்று நினைத்துக் கொதிக்க வைக்கப் போனாள் என்பதைச் சொன்னால் என்னைத் திட்டுவாள், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

நேற்று ராத்திரி சித்தி மகள் ஒரு போட்டோ அனுப்பினாள். வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை பொடி, பக்கத்தில் நோட்டு: 185, இரண்டு இழுப்பு, அரை இட்லி சாப்பிட்டார், வாந்தி இல்லை. நிறம் மல்லியைத் தாண்டி லேசாகச் சிவந்திருந்தது. நல்ல பதம், நாளைக்கும் இதே இருக்கட்டும், ஏற்றாதே என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.